வெளியே கிளம்பும்போது குழந்தையின் கைக்கு ஒரு வேலை: வீட்டிலேயே செய்யும் விளையாட்டுப் பொருட்கள்

மருத்துவமனை வரிசையிலோ ரயிலிலோ சின்னக் குழந்தையை ஓரிடத்தில் உட்கார வைப்பது சாதாரண வேலை இல்லை. மேசை கிடையாது, தரையில் எதையும் பரப்ப முடியாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த நொடி எழுந்து போக வேண்டும். அதனால் வீட்டில் நன்றாக ஓடும் பல பொம்மைகள் வெளியே காலை வாரிவிடும். உருளுவது, பல துண்டாகச் சிதறுவது, முழுதாக முடித்தால்தான் மூடி வைக்க முடிவது, இந்த மூன்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மடியில் வைத்து விளையாடவும், பாதியில் நிறுத்தி அப்படியே பைக்குள் போடவும் முடிகிற பொருள்தான் வேண்டும்.

பட்டன் பட்டை

மூன்றரை, நான்கு வயதுக்கு இதைவிட நல்ல பொருள் சொல்வது கடினம். நாடாவில் தைத்த பட்டனைத் துணிச் சதுரங்களின் வெட்டுக்குள் நுழைத்து ஒவ்வொன்றாகக் கோப்பதுதான் விளையாட்டு. 20 செ.மீ நீளம், 2 செ.மீ அகலத்தில் வழுக்காத பருத்தி நாடா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 2.5 செ.மீ அகலமுள்ள தட்டைப் பட்டனை இரட்டை நூலால் தையுங்கள். நாடாவின் பின்பக்கம் சின்ன ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) துண்டு ஒன்றை வைத்து, அதையும் சேர்த்துத் தைத்தால் பட்டன் நாடாவைக் கிழித்துக்கொண்டு வராது. மறுமுனையில் 6 செ.மீ சதுர ஃபெல்ட் துண்டைத் தைத்துவிடுங்கள். கோத்தவை அந்தப் பக்கமாக நழுவி விழாமல் அது தடுக்கும்.

இனி வெவ்வேறு நிறத்தில் எட்டு சதுரங்கள், அதே 6 செ.மீ அளவில். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மடிப்பின் நடுவிலிருந்து உள்நோக்கி 1.4 செ.மீ வெட்டினால், விரித்ததும் 2.8 செ.மீ வெட்டு கிடைக்கும். ஃபெல்ட் நூல் பிரியாத துணி என்பதால் காஜா எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தவறுவது இந்த வெட்டின் அளவில்தான். இறுக்கமாக இருந்தால் இரண்டாவது முயற்சியிலேயே குழந்தை தூக்கிப் போட்டுவிடும். தளர்வாக இருந்தால் தானாகக் கழன்று விழும். பட்டனைப் பக்கவாட்டில் சாய்த்து நுழைத்தால் லேசாகத் தடுத்துவிட்டுப் போக வேண்டும். போகப் போக வெட்டு நெகிழும். ஆகவே சிறியதாகத் தொடங்கிப் பிறகு ஒரு மில்லிமீட்டர் கூட்டுவதே சரி.

நாடாவை 20 செ.மீட்டருக்கு மேல் விடாதீர்கள். கழுத்தைச் சுற்றும் நீளம் இதற்குக் கூடாது.

கோக்கும் அட்டை

ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட 10 செ.மீ சதுர அட்டை இரண்டு. ஓரத்திலிருந்து 1 செ.மீ உள்ளே, மூலைகளையும் சேர்த்துப் பக்கத்துக்கு நான்கு துளை, மொத்தம் 12. இதைவிட ஓரமாகத் துளையிட்டால் லேஸை இழுக்கும்போது அட்டை கிழிந்துவிடும். பஞ்சிங் மெஷினுக்குள் இரண்டு அட்டையும் சேர்ந்து நுழையாவிட்டால் தனித்தனியாகத் துளையிட்டு, பிறகு துளைகள் நேராக வரும்படி ஒட்டுங்கள். ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். இல்லாவிட்டால் காயும்போது வளைந்துபோகும். பார்சல் பெட்டியின் அலை அட்டை வேண்டாம், துளை நசுங்கிவிடும்.

ஷூ லேஸ் 45 முதல் 50 செ.மீ போதும். ஒரு முனையை முதல் துளையிலேயே முடிச்சிட்டுக் கட்டிவிட்டால் தொலையாது. மறுமுனையில் உள்ள பிளாஸ்டிக் நுனி பிய்ந்திருந்தால் 2 செ.மீ நீளத்துக்கு செல்லோ டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். நுனி தொளதொளவென்று இருந்தால் குழந்தையால் கோக்கவே முடியாது. லேஸ் நீளமானது என்பதால் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இதைக் கொடுங்கள். பின்சீட்டில் தனியாக இருக்கும் குழந்தைக்கு வேண்டாம்.

கார் பயணத்துக்குத் தொடு பை

ஓடும் வண்டியில் குனிந்து அருகில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தால் பல குழந்தைகளுக்குக் குமட்டும். காது அசைவை உணர்கிறது, கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரிகிறது, அந்த முரண்பாடுதான் காரணம். எனவே காரில் கண்ணுக்கு வேலை வேண்டாம், விரலுக்குக் கொடுங்கள். 6 செ.மீ சதுர அட்டைகள் பன்னிரண்டு வெட்டி, வெல்வெட், மெல்லிய உப்புத்தாள், கம்பளி, வழவழப்பான பிளாஸ்டிக், கோடு போட்ட கார்டுராய், சாதாரணப் பருத்தி என்று வகைக்கு இரண்டாக ஒட்டுங்கள். எல்லாவற்றையும் துணிப் பைக்குள் போட்டுவிட்டால், குழந்தை வெளியே வேடிக்கை பார்த்தபடியே கையால் துழாவி ஜோடியைக் கண்டுபிடிக்கலாம். கீழே விழுந்தாலும் உருளாது. கனமான, கெட்டியான பொருட்களைக் காரில் கொடுக்கவே கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் அவை பறக்கும்.

ஐந்து நிமிடத்தில் தயாராகும் சில

படம் வரைந்த தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒயிட்போர்டு மார்க்கரைக் கொடுத்தால் எழுதி எழுதி அழிக்கலாம். அழிக்க ஒரு பழைய காலுறை போதும். பெர்மனன்ட் மார்க்கர் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது துடைத்தால் போகாது. ஸ்டிக்கர் தாள் கொண்டுபோவதானால் ஸ்டிக்கர்களைச் சுற்றியுள்ள வெற்று ஓரத்தை முன்கூட்டியே உரித்து எடுத்துவிடுங்கள். ஓரம் இல்லாவிட்டால் சின்ன விரலுக்கும் நுனி பிடிபடும். இல்லையேல் ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் கூப்பிடும்.

மூன்று வயதுக்குள் என்றால்

4.5 செ.மீ வட்டத்துக்குள் நுழையும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் கையில் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டன் பட்டையும் ஸ்டிக்கரும் இவர்களுக்கு இல்லை. கெட்டியான ஃபைலின் உள்பக்கம் முழுக்க ஃபெல்ட் ஒட்டி, 7 செ.மீட்டருக்குக் குறையாத பெரிய ஃபெல்ட் வடிவங்கள் ஐந்தாறு வெட்டிக் கொடுங்கள். இழையோடு இழை பற்றிக்கொள்வதால் பசையே இல்லாமல் ஒட்டும். விறைப்பான ஃபெல்ட் சரியாக ஒட்டாது, மென்மையானதாகப் பார்த்து வாங்குங்கள். எந்த வயதாக இருந்தாலும் சின்னக் காந்தம் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளைக் கவ்விக்கொண்டு துளைத்துவிடும்.

கொடுக்கும் முறை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டாதீர்கள். ஒன்று மட்டும் மடியில், மற்றவை பைக்குள். ஆர்வம் லேசாகக் குறையும்போதே வாங்கி வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். தூக்கி எறியும் வரை விட்டால் அந்தப் பொருள் அடுத்த தடவை எடுபடாது. வீட்டில் இந்தப் பையைத் திறக்கவே வேண்டாம். திரும்பி வந்ததும் பட்டனை ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் தளர்ந்திருந்தால் அன்றைக்கே தைத்துவிட்டுப் பைக்குள் வையுங்கள்.