நாயோடு கரடு ஏறப் போகிறீர்களா?

எங்கள் ஊர் சென்னிமலை. வாசலில் நின்றால் மலை தெரியும். செவலையை மலையேறப் பழக்கியதும் அங்கேதான். செவலை நாட்டு நாய், பெட்டை, 4 வயது, 18 கிலோ எடை. சென்னிமலை, ஊதியூர், கொண்டரங்கி என்று ஒவ்வொரு உச்சியாக அவளோடு ஏறி வந்துகொண்டிருக்கிறேன்.

நாயைக் கூட்டிப் போக நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். நாய் தன் வாயால் 'முடியலை' என்று சொல்லாது. நீங்கள் நடக்கிறவரைக்கும் அதுவும் பின்னாலேயே வரும். அதனால் எங்கே திரும்ப வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை நான் கொண்டரங்கியில் கற்றுக்கொண்டேன். தை மாதம்தானே என்று 8 மணிக்கு ஏற ஆரம்பித்து, இறங்கும்போது 12 மணி தாண்டிவிட்டது. முழுக்கப் பாறை, நிழலே கிடையாது. பாதி இறக்கத்தில் செவலை அடிக்கடி நின்று முன்னங்காலை நக்கினாள். முள் குத்தியிருக்கும் என்று தடவிப் பார்த்துவிட்டு நடந்தேன். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏங் கண்ணு, நாய் நொண்டுதே, பார்க்கலியா?" என்றார். காலைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்கால் தோல் ஐம்பது பைசா அகலத்துக்கு உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி வரை நடந்தேன். புண் ஆறும்வரை அவள் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புறங்கையைப் பாறையில் வைத்து 7 எண்ணுவேன். அதுவரை கையை வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் காலும் அங்கே படக்கூடாது. விடியும்முன் ஏற ஆரம்பித்து 9 மணிக்குள் அடிவாரம் வந்துவிடுவேன். மார்கழியும் தையும்தான் நல்ல மாதங்கள். மாசி பாதிக்கு மேல் போவதில்லை. ஐப்பசி மழையில் பாறை பாசி பிடித்து வழுக்கும்.

பழக்குவதற்குப் படிகள் நல்லது. சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படி. முதல் மாதம் கால்வாசி, அப்புறம் பாதி என்று ஏற்றுங்கள். ஒரு வயது நிறையாத குட்டியை வேண்டாம், எலும்பு முற்றியிருக்காது. செவ்வாய், கிருத்திகை, தைப்பூசம் போன்ற கூட்ட நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பக்தர்கள் வெறுங்காலில் ஏறும் படி என்பதால், நாய் அசிங்கம் செய்தால் அள்ளி எடுக்க ஒரு பை கட்டாயம் வேண்டும். கோயிலுக்குள் நாயைக் கொண்டு போகக்கூடாது. இரண்டு பேராகப் போனால் ஒருவர் சாமி கும்பிட்டு வரும்வரை இன்னொருவர் வெளியே நாயோடு இருக்கலாம். குரங்கு இருக்கும் இடத்தில் கயிற்றைக் கையிலேயே சுற்றிக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். செங்குத்தில் நாய் வழுக்கினால் கழுத்து இறுகாது.

செவலைக்கென்று தனியாக 2 லிட்டர் தண்ணீரும் ஒரு சின்னப் போசியும் எடுத்துப் போவேன். கால் மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன். சுனைத் தண்ணீரைக் குடிக்க விடுவதில்லை, எலிக்காய்ச்சல் வரலாம். அதற்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசி போட்டபின்தான் கிளம்ப வேண்டும். வயிறு நிறையச் சோறு போட்டு ஏற்றாதீர்கள். இறங்கி வந்து ஓய்ந்தபின் தயிர்சோறு போதும்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நாக்கு அகலமாகத் தொங்கி, அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வடிந்தால் உடனே நிறுத்துங்கள். தள்ளாடினால் நிழலில் கிடத்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். வாயில் தண்ணீரை வம்படியாக ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பிறகு தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மலைக்குப் போகும் வழியில் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) தடங்களில் கிலுவை வேலிக்கு அந்தப்புறம் ஆட்டுப்பட்டி இருக்கும். பட்டி நாய் அங்கே காவலுக்கு நிற்கும். நின்று, ஆள் இருந்தால் குரல் கொடுத்துவிட்டு, சுற்றுத் தடத்தில் போய்விடுங்கள்.

வெள்ளியங்கிரிக்குக் கூட்டிப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏழு மலையையும் நாயோடு ஏறினால் எப்படியிருக்கும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வேண்டாம். அது யானை நடமாடும் காடு. யானையைக் கண்டால் நாய் குரைக்கும், யானை துரத்தும், நாய் உங்களிடம்தான் ஓடி வரும். சிறுத்தைக்கோ நாய் பிடித்தமான இரை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துப் பக்கமும் நாயோடு போகக்கூடாது. நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கும் நோய் பரவும். ஊதியூர்ப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தபோது செவலையை வீட்டிலேயே கட்டிப்போட்டேன். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்து உண்ணி பாருங்கள். காது மடிப்பு, கால் விரல் இடுக்கு, வாலடி, அக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் தலையோடு வந்துவிடும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். விரலிடுக்கில் நெருஞ்சி முள்ளும் ஒளிந்திருக்கும். மறுநாள் காலையில் நாய் எழுந்து வாசலுக்கு நடந்து வருவதை ஒருமுறை பாருங்கள். ஒரு கால் லேசாகத் தூக்கினாலும் அந்த வாரம் மலை கிடையாது.