குள்ள ஐரிஸ்: இரண்டாம் வருடமும் பூக்க வைப்பது எப்படி?

கடையில் "குள்ள ஐரிஸ்" என்று எழுதியிருந்தால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் இரண்டு வேறு செடிகளை விற்கிறார்கள். ஒன்று தரையோடு கிடைமட்டமாகப் படரும் கிழங்கு. இலை தட்டையாக வாள் போல் இருக்கும், சாய்ந்த இதழ்களின் மேல் தாடி மயிர் இருக்கும், ரொறன்ரோவில் மே மாதம் பூக்கும். அதை மேலாகத்தான் நட வேண்டும், ஆழத்தில் புதைத்தால் அழுகிவிடும்.

இந்தப் பதிவு மற்றதைப் பற்றி. சின்ன வெங்காயம் அளவு பல்பு, அதைச் சுற்றி வலை பின்னியது போன்ற நார்த்தோல். பனி உருகி முடிவதற்குள் பூத்துவிடும். பூக்கும்போது உயரம் 10 முதல் 15 செ.மீ. தான். ஐரிஸ் ரெட்டிகுலாட்டாவும் அதன் உறவினங்களும் இந்தக் கூட்டத்தில் வரும். சொந்த ஊர் கிழக்குத் துருக்கி, காக்கசஸ், வட ஈராக், ஈரான் மலைப்பகுதிகள். அங்கே குளிர்காலம் கடுமை, வசந்தத்தில் பனி நீர், கோடையில் மண் காய்ந்து கிடக்கும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் குளிர் இவற்றுக்குப் பிரச்சினையே இல்லை. நம் கோடைதான் பிரச்சினை.

1. வாங்குவது

செப்டெம்பரில் வாங்குங்கள். கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், கல்லுப் போல் இருக்க வேண்டும். நார்த்தோலைச் சற்று விலக்கி, உள்ளே மை சிந்தியது போன்ற கறுப்புப் புள்ளிகளோ கோடுகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது பூஞ்சை நோய். வாங்கிய பிறகு கண்டால் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

முதல்முறை என்றால் 'ஹார்மனி' (நீலம்), 'ஜார்ஜ்' (அடர் ஊதா), 'கேத்தரின் ஹாட்ஜ்கின்' இந்த மூன்று வகைகளில் ஏதாவது ஒன்று போதும். கலர் கலராகப் படம் போட்ட கலவைப் பைகளை நான் வாங்குவதில்லை. எது பிழைத்தது, எது செத்தது என்றே தெரியாது.

2. நடுவது

ஒக்டோபரில், மண் உறைவதற்கு முன். ஆழம் 8 முதல் 10 செ.மீ., இடைவெளி நான்கு விரல். கூர் முனை மேலே. நல்ல வெயில் படும் இடம் வேண்டும்.

நம் பக்கத்துக் களிமண்ணில் அப்படியே நட்டால் தண்ணீர் தேங்கும். குழிக்குள் மட்டும் மணல் போட்டாலும் பயனில்லை, சுற்றிலும் களி இருப்பதால் அந்தக் குழி கிண்ணமாகி நீரைப் பிடித்து வைக்கும். பாத்தியையே ஒரு சாண் உயர்த்தி, பொடிச் சரளையை நிறையக் கலந்துவிடுங்கள். தோட்டக் கடைச் சரளையைவிட, கோழித் தீவனக் கடையில் மூட்டையாக விற்கும் கல் பொடி எனக்குப் பிடிக்கும். விலை குறைவு, துகள் ஒரே அளவு. வாங்கும்போது கருங்கல் பொடியா என்று கேளுங்கள். சிப்பிப் பொடியும் பக்கத்திலேயே இருக்கும், அது வேறு.

3. பூத்த பிறகு: இங்கேதான் எல்லாம் கெடுகிறது

முதல் வருடம் யார் நட்டாலும் பூக்கும். பூவை வளர்த்தவர் நாமில்லை, பல்பை விளைவித்த விவசாயி. அடுத்த வருடப் பூ, இந்தப் பூ வாடிய பிறகு வரும் ஆறேழு வாரங்களில்தான் தீர்மானமாகிறது.

பூ வாடியதும் இலைகள் புல் போல் கிடுகிடுவென்று நீளும். 30 செ.மீ. தாண்டும், சில நேரம் 40. பார்க்க அழகாக இருக்காது, தெரியாதவர்கள் களை என்று பிடுங்கிவிடுவார்கள். என் வீட்டில் புல் வெட்டும் இயந்திரத்துக்குத் தப்ப நான்கு மூலையிலும் குச்சி நட்டு வைக்கிறேன். வெட்டாதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். பழைய பல்பு கரைந்து புதிய பல்பு உருவாகும் காலம் அது. சாப்பாடு முழுக்க இலையிலிருந்துதான் போகிறது.

அந்த வாரங்களில் தண்ணீர் தாராளமாக விடலாம். தக்காளிக்கு ஊற்றும் திரவ உரத்தை, பொட்டியில் சொன்னதில் பாதி அளவு கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றுங்கள். உரப் பொட்டியில் உள்ள மூன்று எண்களில் கடைசி எண் பெரிதாக இருக்க வேண்டும், அது பொட்டாசியம். முதல் எண் பெரிதான புல்வெளி உரம் வேண்டாம்.

இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். நிறுத்துவது என்றால் முழுதாக. புல்லுக்குத் தானாக நீர் தெளிக்கும் குழாய் பக்கத்தில் இருந்தால் அதன் நீர் எட்டாத இடத்துக்குப் பல்புகளை மாற்றுங்கள். ஜூலை, ஓகஸ்டில் இந்தப் பாத்தியில் பெற்றூனியா நட்டு நீர் ஊற்றினால் அடுத்த வசந்தத்தில் வெறும் இலை மட்டும் வரும், அல்லது அதுவும் வராது. கூரை ஓரத்துக்குக் கீழே, மழை குறைவாக விழும் தெற்குச் சுவரோரம் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த இடம்.

4. எது எது?

பூ இல்லாதபோது இலையை விரலில் உருட்டிப் பாருங்கள். ரெட்டிகுலாட்டா இலைக்கு நான்கு விளிம்பு, குறுக்கே வெட்டினால் சதுரம். அதன் உறவினமான பாக்கேரியானாவின் இலை கிட்டத்தட்ட உருளை, எட்டு வரம்பு. இலை நடுவே வெள்ளைக் கோடு ஓடினால் அது ஐரிஸே அல்ல, குரோக்கஸ். சோளப்பயிர் போல் அகன்ற இலை, பல்புக்குக் கீழே தடித்த வேர்கள் என்றால் ஜூனோ ஐரிஸ். அது வேறு கூட்டம்.

மஞ்சள் பூவில்தான் குழப்பம் அதிகம். நிமிர்ந்து நிற்க வேண்டிய மூன்று உள் இதழ்களையும் தேடுங்கள். அவை வெறும் முள்மயிராகக் குறுகியிருந்தால் அது டான்ஃபோர்டியே என்ற இனம், துருக்கியில் விளைவது. வெளிர் மஞ்சளில் முழு இதழ்கள் நிமிர்ந்து நின்றால் வினோகிராடோவி. இது காக்கசஸின் அரிய செடி, கோடையில் முழுதாகக் காய்வதை விரும்பாது. மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் தலைவலி.

'கேத்தரின் ஹாட்ஜ்கின்' இந்த வினோகிராடோவிக்கும் ஹிஸ்ட்ரியோய்டெஸ் என்ற இன்னொரு உறவினத்துக்கும் பிறந்தது. இங்கிலாந்தில் ஈ. பி. ஆண்டர்சன் உருவாக்கினார். வெளிர் நீலத்தில் நீல நரம்பு, நடுவே மஞ்சள். ஒருமுறை பார்த்தால் வேறெதனோடும் குழம்பாது. 'ஜே. எஸ். டெய்ட்' சிவப்பு கலந்த ஊதா, 'கான்டாப்' வெளிர் நீலம். இப்போது வரும் வெள்ளை, பச்சை கலந்த புது நிறங்களில் பல ரொறன்ரோவைச் சேர்ந்த ஆலன் மக்மர்ட்ரியின் கலப்புகள். நம் ஊர்க்காரர் என்பதற்காகவே ஒன்றிரண்டு வைத்திருக்கிறேன்.

பின் சேர்க்கை

"டான்ஃபோர்டியே முதல் வருடம் அமோகம், அப்புறம் காணவே இல்லை" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது சாகவில்லை. பூத்ததும் அரிசி போன்ற குட்டிகளாக உடைந்துவிடும், அவை பூக்கும் அளவுக்குப் பருக்கச் சில வருடம் எடுக்கும். 15 செ.மீ. ஆழத்தில் நட்டால் உடைவது குறையும். பொறுமை இல்லையென்றால் அதை வருடா வருடம் புதிதாக வாங்கும் பூவாக வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

தொட்டியில் வைக்கலாமா என்றும் கேட்டார்கள். வைக்கலாம். மண்தொட்டி இந்தக் குளிரில் வெடிக்கும், பிளாஸ்டிக் எடுங்கள். சூடாக்காத கராஜில் குளிர்காலம் முழுக்க இருக்கட்டும், மண் எலும்பாகக் காயாமல் எப்போதாவது கொஞ்சம் நீர். மொட்டின் நிறம் தெரிந்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் மொட்டு கருகும்.

அணில் தொல்லைக்கு: அவை தேடுவது புதிதாகக் கிளறிய மண்ணை. நட்டதும் கோழிவலையை மேலே விரித்து நான்கு கல் வையுங்கள், மண் உறைந்தபின் எடுத்துவிடலாம்.