ரபி ஒருவரின் நீண்ட பணிக்காலத்தைத் திரும்பிப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது நாற்பது வருடம் யூத சமூகத்துக்கு ரபியாக, அதாவது மதச் சட்டம் கற்று வழிகாட்டுபவராக, இருந்தவர் ஓய்வு பெறும்போது பாராட்டுக் கூட்டம் நடக்கும், சிறப்பு மலர் வெளியிடுவார்கள், சில சமயம் அவரே தன் வாழ்க்கையை எழுத உட்காருவார். அப்படி எழுதப்படும் பலவற்றில் பதவிகளும் விருதுகளும் இருக்கும், மனிதரைத்தான் காணோம். ஒரு ஊரின் சாவுக்கும் வாழ்வுக்கும் கூட நின்றவரை இப்படித் தொலைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில், அளவுகோலையே தவறாக எடுப்பது. நம்மில் பலர் ரபியைக் கோயில் குருக்கள் போலவோ பங்குத்தந்தை போலவோ நினைத்துக்கொள்கிறோம். யூதத் தொழுகை நடக்க ரபி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் போதும். மரபான பிரிவுகளில் பத்து ஆண்கள். பரம்பரைப் பூசாரிகளின் வேலை ஜெருசலேம் ஆலயத்தோடு இருந்தது, அதை 70ஆம் ஆண்டில் ரோமர்கள் அழித்துவிட்டார்கள். பக்கத்திலேயே பாருங்கள்: கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயம், யூதர்கள் கூடித் தொழும் இடம், இன்றும் நிற்கிறது. ஆனால் கொச்சி யூதர்களிடம் ரபி என்ற பதவி வழக்கத்தில் இருந்ததில்லை. சமூகப் பெரியவர்களே எல்லாவற்றையும் நடத்தினார்கள். ஆகவே எத்தனை வழிபாடு நடத்தினார், எத்தனை பிரசங்கம் செய்தார் என்று எண்ணினால் ரபியின் வேலையில் பாதிகூடக் கணக்கில் வராது.

அப்படியானால் அவருடைய வேலை எங்கே இருந்தது? பெரும்பாலும் கேள்வி கேட்டு வருகிறவர்களிடம்தான். கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெண் கோழியோடு ரபி வீட்டுக் கதவைத் தட்டுவாள். இரைப்பைக்குள் ஒரு ஊசி கிடந்திருக்கிறது, யூத உணவு விதிப்படி இதைச் சமைக்கலாமா? ரபி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊசி உள்பக்கம் மட்டும் குத்தியிருக்கிறதா, மறுபக்கம் வரை துளைத்துவிட்டதா, வெளியே இரத்தத் துளி இருக்கிறதா. கூடவே இன்னொன்றையும் பார்ப்பார்: வீட்டில் வேறு கோழி உண்டா, பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடுமே, பிறகு சமைக்கக் கூடாதே. நூல்கள் கடுமைக்கும் இளக்கத்துக்கும் இடம் விட்டிருக்கும் சில விஷயங்களில், பெரிய பண நட்டத்தையும் ஓய்வுநாள் நெருங்குவதையும் கருதி இளக்கமாகத் தீர்ப்புச் சொல்லலாம் என்று 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசஸ் இசர்லஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண் சமைக்கப் போய்விடுவாள். இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பழைய ரபி ஒருவரைப் பற்றி எழுதப் போகிறவர்கள் மேடைப் பேச்சுகளைத் தேடுவதற்கு முன்னால், அவரிடம் கேள்வியோடு போனவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

அடுத்து, சறுக்கிய வருடங்களைத் தாண்டிப் போவது. சாலி பிரீசண்ட் 1972இல் சின்சினாட்டியில் ரபியாக நியமனம் பெற்றார். அமெரிக்காவில் அப்படி நியமனம் பெற்ற முதல் பெண். அதோடு நிறுத்தினால் வெற்றிக் கதைதான். நியூயார்க்கில் பெரிய ஜெப ஆலயம் ஒன்றில் துணை ரபியாக இருந்துவிட்டு 1979இல் வெளியே வந்தவருக்கு, வேறெங்கும் முழுநேர ரபி வேலை எளிதில் கிடைக்கவில்லை. பகுதிநேர ரபியாக இருந்தபடி மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பணியும் பார்த்தார். 1981இல் நியூ ஜெர்சியில் ஒரு சின்னச் சமூகத்துக்குப் போய், 2006இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அவரை அறிய விரும்பினால் அந்த மருத்துவமனை நாட்களையும் அந்த 25 வருடங்களையும்தான் முதலில் கேட்பேன்.

எல்லாவற்றையும்விடக் கனமான தவறு, பின்னால் தெரிந்ததை வைத்துத் தீர்ப்பெழுதுவது. லியோ பெக் 1897இல் ரபிப் பணியைத் தொடங்கி, 1912இல் பெர்லினுக்கு வந்தவர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனி யூதர்களின் தலைமை அமைப்பை நடத்தினார். வெளிநாடு போக வாய்ப்புகள் வந்தும் போகவில்லை. 1943 ஜனவரியில், எழுபதை நெருங்கும் வயதில், தெரேசியன்ஸ்டாட் என்ற நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே குப்பை வண்டி இழுத்தார். தத்துவ அறிஞர்கள் பிளேட்டோ, கான்ட் பற்றிச் சக கைதிகளுக்கு உரையாற்றினார். ஆஷ்விட்ஸ் முகாமில் யூதர்களை விஷவாயுவால் கொல்கிறார்கள் என்று அதே வருடம் ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டார். பெக் அதை வெளியே சொல்லவில்லை. சாவை எதிர்பார்த்தே நாட்களைத் தள்ளுவது இன்னும் கொடுமை என்று கருதியதாகப் பிற்பாடு எழுதினார். யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் போன்றவர்கள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். என்னைக் கேட்டால், விமர்சனத்தை மறைக்கவும் கூடாது, இந்த ஒரு முடிவை வைத்து ஐம்பது வருடப் பணியை மூடவும் கூடாது. அன்று அவருக்கு எது உறுதியாகத் தெரியும், எது வதந்தியாக மட்டும் வந்தது என்பதை எழுதுகிறவர் பிரித்துக் காட்ட வேண்டும். பெக் சரியாகச் செய்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே முகாமில் ரெகினா யோனாஸும் இருந்தார். 1935இல் ஜெர்மனியில் ரபியாக நியமனம் பெற்ற பெண் அவர். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரை அறிந்தவர்கள், பெக் உட்பட, போருக்குப் பின் அவரைப் பற்றிப் பொதுவெளியில் பேசவில்லை. அதனால்தான் பிரீசண்டையே உலகின் முதல் பெண் ரபி என்று பலர் எழுதினார்கள். கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகத்தில் யோனாஸின் தாள்கள் 1990களின் தொடக்கத்தில் கண்ணில் பட்ட பிறகுதான் அது திருத்தப்பட்டது. பிழைத்தவர்களின் நினைவை மட்டும் நம்பி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம், ஓய்வு பெற்ற நாளோடு கதையை முடித்துவிடாதீர்கள். பழைய ரபி பெரும்பாலும் அதே ஊரில்தான் இருப்பார், அதே ஜெப ஆலயத்தில் இப்போது மக்களோடு மக்களாக உட்கார்ந்திருப்பார். அவரிடம் படித்த பிள்ளைகள் கல்யாணத்துக்கு அவரையே கூப்பிடுவார்கள். புதிய ரபியிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பல இடங்களில் வழக்கம். அந்த அழைப்புகளை அவர் எப்படிக் கையாண்டார் என்று அவருக்குப் பின் வந்தவரிடம் கேளுங்கள்.