புத்தகத்தோடு ஒரு பாட்டையும் எடுத்துக் கொடுங்கள்

திருகோணமலையில் நூலகம் ஒன்றில் இரவல் கொடுக்கும் மேசையில் இருக்கிற எனக்கு நாள் முழுக்க வருகிற கேள்வி ஒன்றுதான்: "மிஸ், நல்ல புத்தகமாய் ஒன்று தாங்கோ." நான் உடனே ராக்கைப் பக்கம் போவதில்லை. எங்கே இருந்து, எத்தனை மணிக்கு வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்பேன். வீட்டில் யாருக்காவது புத்தகம் தெரிவு செய்கிறீர்கள் என்றால் நீங்களும் அதையே முதலில் கேளுங்கள். பேர் போன புத்தகம் என்பதற்காக மட்டும் கொடுத்தால், அது தலைமாட்டில் கிடந்துவிட்டு அப்படியே திரும்பி வரும்.

கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறவருக்குச் செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. யாழ்ப்பாணத்து ஆச்சி கதிர்காமத்துக்குப் புறப்படுகிற கதை. வாய்விட்டுச் சிரிப்பீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் "என்ன, என்ன?" என்று எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள், கல்லோயாச் சந்தியில் ரயில் காத்து நிற்பதே தெரியாது. இதோடு நான் சேர்த்துச் சொல்கிற பாட்டு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. மாமியிடமே போய் மகள் எங்கே என்று கேட்கிற அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அது பிடிக்கும். ஆனால் பைலாத் தாளம், கால் சும்மா இராது. அதனால் பாட்டை வீட்டில் பெட்டி அடுக்கும்போது கேளுங்கள், புத்தகத்தை ரயிலில் விரியுங்கள்.

வாசிப்புப் பழக்கமே இல்லாதவரிடம் தடித்த நாவலை நீட்ட வேண்டாம். சிறுகதை கொடுங்கள், அதுவும் அவருக்குத் தெரிந்த மண்ணில் நடக்கிற கதையாக. எங்கள் ஊரில் அதற்கு மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'யை விட்டால் வேறில்லை என்பேன். கொடுக்குமுன் முதல் பக்கத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். கடற்கரையில் வலை பொத்துகிற ஐயா ஒருவருக்கு அப்படித்தான் வாசித்தேன். நான் நிறுத்தியதும், "பிள்ளை, ஏன் நிப்பாட்டினனீ?" என்றார். அப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டி இருக்கவில்லை. திகதித் தாளில் முத்திரை குத்தினேன், கொண்டு போனார்.

புத்தகம் திரும்பி வந்ததும் அதை விரித்து, முதுகை மேசையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போய் வந்தவற்றில் தையலுக்குள் மணல் இருக்கும். எந்தப் பக்கங்களுக்கு நடுவே அதிகம் கொட்டுகிறதோ, அங்கேதான் வாசகர் நெடுநேரம் இருந்திருக்கிறார். 'தோணி' வந்தபோது மணல் கடைசிப் பக்கம் வரை இருந்தது. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

கொஞ்சம் வாசித்துப் பழகியவருக்கு 'மோகனாங்கி'. 1895இல் வந்த சரித்திர நாவல், எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்மூர்க்காரர், சென்னையில் சுவடி நூலகத்தில் வேலை பார்த்தவர். நடை பழையது, தொடக்கத்தில் மெதுவாகத்தான் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போகிற அம்மாமாருக்கு நான் பாட்டைத்தான் முதலில் சொல்வேன்: சம்பந்தர் திருக்கோணமலைக்குப் பாடிய பதிகம். முதற் பாட்டிலேயே கடல் முத்தைக் கொழித்து ஒதுக்குகிறது. இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார் என்பார்கள். ஓதுவார் பாடக் கேட்டுவிட்டு, கோயில் நிற்கிற சுவாமிமலைப் பாறை ஓரத்தில் நின்று கீழே கடலைப் பாருங்கள். அதன்பின் தேவார உரையை நீங்களாகவே தேடி வருவீர்கள்.

சரி, கொடுத்ததை வாசிக்காமலே ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால்? முகம் சுளிக்காமல் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேளுங்கள். முதல் அத்தியாயத்திலேயே நின்றிருந்தால் அதை வாங்கி வைத்துவிட்டு, மெல்லிய வேறொன்றைக் கொடுங்கள். பாதி தாண்டி நின்றிருந்தால் புத்தகத்தை வாங்காதீர்கள், தவணையை நீட்டிக் கொடுங்கள்.