சோலார் போடுவதற்கு முன் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள்

"அண்ணா, மாடியில சோலார் போட்டா பில்லு சைபர் ஆயிடுமா?" வாரத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருபத்தாறு வருஷமாக வயரிங் வேலை செய்கிறேன். என் வீட்டு மாடியிலும் மூன்று கிலோவாட் ஓடுகிறது. போடும்போது நான் பட்டதையும் பிறகு கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பழைய கரண்ட் பில்களை எடுங்கள். ஒரு மாத பில் போதாது, ஒரு வருஷத்து பில் வேண்டும். கர்நாடக அரசு வீடுகளுக்கு இலவச கரண்ட் தரும் கிருஹ ஜோதி திட்டத்தில் உங்கள் பில் ஏற்கெனவே சைபராக வருகிறது என்றால் சோலாரில் போட்ட காசு லேசில் திரும்பாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, கடன் வாங்கிப் போடாதீர்கள் என்பதுதான். மாதம் முந்நூறு யூனிட்டுக்கு மேல் போகிறவர்களுக்குத்தான் கணக்கு சரியாக வரும். பெங்களூரு வெயிலில் ஒரு கிலோவாட் தினமும் சராசரியாக நாலு யூனிட் கொடுக்கும். மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு யூனிட், மாதம் 360. மார்ச், ஏப்ரலில் இதைவிடக் கூடும். ஜூலை, ஆகஸ்டில் வானம் மூடிக் கிடக்கும்போது நன்றாகவே குறையும். வெயில் சுட்டெரிக்கும் ஊரில்தான் சோலார் நன்றாக ஓடும் என்று நினைக்காதீர்கள். பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும், அதனால் நம் ஊர்க் குளிர்ச்சி நமக்கு லாபம்.

எனக்கு எல்லாம் சேர்த்து 1,95,000 ரூபாய் ஆனது. மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். இந்தப் பணம், வேலை எல்லாம் முடிந்து மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகுதான் உங்கள் பேங்க் கணக்கில் விழும். அதனால் முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பேனல் இந்தியாவில் செய்த செல் உள்ள டி.சி.ஆர். பேனலாக இருந்தால்தான் மானியம் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். இன்னொன்று, கரண்ட் பில் இறந்துபோன அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். பெயர் மாற்றாமல் விண்ணப்பம் நகராது. அதை முதலில் முடியுங்கள்.

இப்போது சாக்பீஸ். இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள், முடிந்தால் டிசம்பரில். அப்போதுதான் சூரியன் தெற்கே சரிந்து நிழல்கள் நீளும். காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என மூன்று தடவை மாடிக்குப் போய் விழும் நிழலைச் சுற்றிக் கோடு போடுங்கள். ஆறடி உயரத் தண்ணீர்த் தொட்டி டிசம்பர் காலை ஒன்பது மணிக்குப் பத்தடிக்கு நிழல் நீட்டும். பக்கத்து வீட்டுத் தென்னை, படிக்கட்டு அறை, கேபிள் கம்பி எல்லாம் கோட்டுக்குள் வரட்டும். மூன்று கோடும் தொடாமல் மிச்சம் இருப்பதுதான் உங்கள் சோலார் இடம். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் அடிவாங்கும். என் வீட்டில் தொட்டியை வடக்கு மூலைக்கு மாற்றிய பிறகுதான் ஆறு பேனலுக்கு இடம் கிடைத்தது. ஒரு பேனல் ஏழரை அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். நடந்து துடைக்க வழி விட்டால் மொத்தம் 300 சதுர அடி ஆகும். முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் இது தாராளமாக அடங்கும். வாடகைக்கு விட மேலே இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அதைக் கட்டிவிட்டே சோலாருக்கு வாருங்கள்.

பேனல் தெற்கு பார்த்து, ஏறக்குறைய 13 டிகிரி சாய்வில் இருக்கட்டும். பெங்களூரின் அட்சரேகை அதுதான். சாய்வு கொஞ்சம் முன்பின் ஆனால் பெரிய நஷ்டமில்லை. பெரிய நஷ்டம் எனக்கு ஸ்டாண்டின் கால் ஊன்றியதில் வந்தது. வயரிங் என் வேலை, ஸ்டாண்டு வேலையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்கினார், ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை. ஆகஸ்ட் மழையில் அம்மா படுக்கும் அறையில் சொட்டு சொட்டாக ஒழுகியது. அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். தளத்தைத் துளைக்காமல் மேலேயே காங்கிரீட் கட்டை வார்த்து, அந்தக் கனத்தில் ஸ்டாண்டின் கால்களை நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டாண்டுக் கம்பி துத்தநாகம் பூசி கால்வனைஸ் செய்ததாக இருக்க வேண்டும். எர்த்து தனியாக அடிக்கச் சொல்லுங்கள், இடிதாங்கியும் கேளுங்கள். இரண்டிலும் பேரம் பேசாதீர்கள்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். பாதிப் பேருக்கு இது போட்ட பிறகுதான் தெரிகிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் யூ.பி.எஸ். அப்படியே இருக்கட்டும், அது போதும்.

அப்புறம் பெங்களூருக்குக் கரண்ட் கொடுக்கும் பெஸ்காம் கம்பெனியின் நெட் மீட்டர். பகலில் மிஞ்சுவது வெளியே போகும், இரவில் வேண்டியது உள்ளே வரும், இரண்டையும் அது எண்ணும். மாதக் கடைசியில் கழித்துக்கொள்வார்கள். மிஞ்சி நிற்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை நாம் கொடுக்கும் விலையைவிடக் குறைவு, அதனால் தேவைக்கு மேல் போடாதீர்கள். மாதாமாதம் கட்டும் நிரந்தரக் கட்டணமும் போகாது. முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: பில் சைபர் ஆகாது, நன்றாகக் குறையும். எனக்கு ஐந்து வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

கணக்கில் வராத ஒன்று எனக்கு முக்கியம். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க அறுநூறு, எழுநூறு கிராம் கரி எரிய வேண்டும். என் பன்னிரண்டு யூனிட்டுக்குத் தினமும் ஏழெட்டு கிலோ. வாரத்துக்கு ஒரு சிமெண்ட் மூட்டை எடை கரி ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தில் எரியாமல் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பாவகடா சோலார் பூங்காவின் 2,050 மெகாவாட் இருக்கிறது, ஊரெல்லாம் மாடிகள் இருக்கின்றன. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் போடும்போது இவை எதுவும் உதவாது. அணைத் தண்ணீர் கொஞ்சம் தாங்கும். எங்கள் தாத்தா வேலை பார்த்த கோலார் தங்கவயலுக்கு 1902இலேயே சிவனசமுத்திரத்துக் காவிரிதான் கரண்ட் கொடுத்தது. ஆனால் இன்றைய ஊரின் பசிக்குத் தண்ணீர் போதாது, மிச்சத்துக்குப் பெரும்பாலும் கரிதான் எரிகிறது. பெரிய பேட்டரிகள் வந்து அந்த நேரத்தைத் தாங்கும் நாள் வரும் என்று நம்புகிறேன். அதுவரை நம் கையில் இருப்பது நேரம்.

மீட்டருக்குப் பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றுதான், கரிக்கு அப்படியில்லை. எங்கள் வீட்டில் தரைத்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும் சம்ப் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் ஓடும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சேர்த்துப் போடுவதில்லை. கீசர் விடியற்காலையில் ஓடுவதால் அதைத் தொலைத்துவிட்டு சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தேன். மாடியில் இரண்டுக்கும் இடமில்லை என்றால் ஹீட்டரைத்தான் முதலில் வையுங்கள்.

துடைப்பதை விட்டுவிடாதீர்கள். நம் ஊர்த் தூசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். சோப்பு வேண்டாம். நீளக் குச்சியில் கட்டிய மெத்தென்ற துணியும் ஒரு பக்கெட் தண்ணீரும் போதும். பேனல் மேல் கால் வைக்காதீர்கள்.