சாகாத போர்க்குலத்துக்கு ஆயுள் கணக்குப் போடுவது எப்படி?

அறிபுனைக் கதைக்கு ஒரு போர்க்குலத்தை உருவாக்க உட்காரும் பலர் முதலில் எழுதிவைப்பது "ஆயுள் 1,000 ஆண்டு" என்பதைத்தான். அந்த எண்ணைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இந்தக் குலத்துக்கு நரை, திரை, மூப்பு உண்டா, உண்டென்றால் எந்த வேகத்தில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூப்பே இல்லாத உயிருக்கு ஆயுள் என்று ஓர் எண் கிடையாது. ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான் உண்டு.

வளர்ந்த மனிதருக்கு ஓர் ஆண்டுக்குள் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 8 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. வயதோடு சாவு இப்படிப் பெருகுவதை பிரிட்டன் கணித அறிஞர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825-லேயே சூத்திரமாக்கினார். இந்த இரட்டிப்பு நின்றுபோவதைத்தான் உயிரியலில் சாகாமை என்கிறார்கள். நன்னீரில் வாழும் ஹைட்ரா என்ற சிற்றுயிர் அப்படிப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணுக்கடியில் வாழும் முடியற்ற துன்னெலியும் ஏறக்குறைய அப்படித்தான். 30 ஆண்டு தாண்டியும் வாழ்கிறது. ஏறத்தாழ அதே அளவுள்ள சுண்டெலி நான்கு ஆண்டைத் தாண்டுவதே அரிது. ஆனால் பாம்பு பிடித்தால் துன்னெலியும் செத்துத்தான் போகும். மூப்பு இல்லை என்பதற்குச் சாவு இல்லை என்று பொருளில்லை.

அடுத்து சாவு விகிதத்தைக் குறியுங்கள். போர், விபத்து, நோய் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படையில் சேர்ந்த 1,000 பேரில் 69 ஆண்டில் பாதிப் பேர் போய்விடுவார்கள். 460 ஆண்டில் 10 பேர் மிஞ்சுவார்கள், 690-ல் ஒருவர். சராசரி 100 ஆண்டுதான். விகிதத்தை 0.1 சதவீதமாகக் குறைத்தால் பாதிப் பேர் சாக 693 ஆண்டு ஆகும்.

பெரும்பாலான கதைகள் சறுக்குவது போர்க்கள எண்ணிக்கையில். ஒரு போரில் சாகும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்துவிட்டு, கிழட்டுத் தளபதி 200 போர் கண்டவர் என்று எழுதினால், அவர் ஏறக்குறைய 140 கோடியில் ஒருவர். 50 போருக்கே 1,000 பேரில் 5 பேர்தான் தேறுவார்கள். வாய்ப்பை 1 சதவீதமாக்குங்கள். 200 போர் முடிந்தும் 1,000-ல் 134 பேர் உயிரோடு இருப்பார்கள். அதற்கு நல்ல கவசம் வேண்டும், காயம்பட்டவரைத் தூக்கிவரும் வழக்கமும் வேண்டும். "சாகும்வரை பின்வாங்கோம்" என்று சபதமெடுக்கும் குலத்தில் 900 வயது வீரர்கள் நிறைய இருக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

இந்த நீண்ட ஆயுள் எங்கிருந்து வந்தது என்பதற்கும் காரணம் வேண்டும். இளமையிலேயே அடிபட்டுச் சாகும் இனத்தில், முதுமையைத் தள்ளிப்போடும் பண்புக்குப் பரிணாமத்தில் பெரிய பலன் இல்லை. பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957-ல் முன்வைத்த வாதம் இது. அமெரிக்காவின் சாப்பலோ தீவில், வேட்டையாடும் விலங்குகள் அதிகமில்லாத இடத்தில் வாழும் அப்போசம்கள் (வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் சிறு விலங்குகள்) நிலப்பகுதி அப்போசம்களைவிட மெதுவாக மூப்படைகின்றன. ஆகவே ஓயாத போரில் இயற்கையாக உருவான குலம் சீக்கிரம் கிழடுதட்டுவதுதான் பொருத்தம். நீண்ட ஆயுள்தான் வேண்டுமென்றால், ஆபத்தில்லாத உலகில் பிறந்து பிறகு போருக்கு வந்தவர்கள் என்று எழுதுங்கள், அல்லது யாரோ திட்டமிட்டு உருவாக்கியவர்கள் என்று எழுதுங்கள். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொலைக்காட்சித் தொடரின் ஜெம்'ஹடார் படையும் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதுதான், ஆனால் அங்கே ஆயுள் குறுகியது. அவர்களில் 20 வயதைத் தொட்டவரே மூத்தோர். 30-ஐ எட்டியவர் இல்லை. உருவாக்கியவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இனி உடம்பு. செல்கள் புதுப்பித்துக்கொண்டே இருந்தாலும், புதுப்பிக்கப்படாத பாகங்கள் சில இருக்கும். கதைக்கு உயிர் தருவதும் அவைதான். மனிதக் கண்வில்லையின் நடுப்பகுதி பிறப்பதற்கு முன்பே உருவானது. அதிலுள்ள புரதம் பிறகு மாற்றப்படுவதே இல்லை. கிரீன்லாந்து சுறாவின் வயதை 2016-ல் கணித்தது இதே கண்வில்லையின் நடுவை வைத்துத்தான்: மிகப் பெரிய சுறாவுக்கு 392 ஆண்டு, 120 ஆண்டு கூடலாம் குறையலாம். உங்கள் 900 வயது வீரருக்குத் தசை இரும்பாக இருக்கலாம். கண்ணில் வெண்மை படர்ந்து, எதிரே நிற்பவரை நிழலாகத்தான் பார்ப்பார். காதும் அப்படித்தான். பாலூட்டிகளின் உட்செவி உணர்செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை, பறவைகளுக்கு முளைக்கும். எந்த வழி என்று முடிவெடுங்கள். யானைக்கு ஆறு தொகுதிக் கடைவாய்ப்பல்தான். கடைசித் தொகுதி தேய்ந்தால் தின்ன முடியாமல் சாகும். சாகாத குலத்தின் முதியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தருவது யார் என்பதைக்கூட எழுதலாம்.

வெட்டுண்ட கை முளைக்கும் என்றால் புற்றுநோய்க்கும் பதில் வேண்டும். செல் அதிகமாகப் பிரியப் பிரிய ஆபத்தும் ஏறும். யானையில் புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவுக்கு 20 நகல்கள் இருக்கின்றன, நமக்கு ஒன்றுதான். இதைப் போன்ற ஏற்பாடு ஒன்றைக் குலத்துக்கும் கொடுங்கள்.

கடைசியாக மக்கள்தொகை. 10 லட்சம் பேர், ஆண்டுக்கு 1 சதவீதம் சாவு என்றால் 10,000 குழந்தைகள் பிறந்தால் எண்ணிக்கை நிலையாக நிற்கும். பிறகு சமாதானம் வந்து சாவு 0.1 சதவீதமாகிறது, பிறப்பு விகிதம் மாறவில்லை. 77 ஆண்டில் இரட்டிப்பு. 500 ஆண்டில் 9 கோடி. ஆக, மூப்பற்ற குலத்துக்குப் போர் நின்றதும்தான் நெருக்கடி தொடங்குகிறது. 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் க்ரோகன்கள் 1,000 ஆண்டுக்கு மேல் வாழ்பவர்கள், ஒரு பெண் ஆண்டுக்கு 1,000 முட்டை வரை இடுவாள். கொடிய சொந்தக் கிரகத்தைவிட்டு வெளியே கொண்டுவரப்பட்டதும் பெருகி வழிந்தார்கள், அதிலிருந்தே அந்தக் கதையின் போர்கள் கிளம்புகின்றன.

பதவிக்கும் இதே சிக்கல். தளபதி சாகாமல் இருந்தால் 300 வயது உதவியாளர் உதவியாளராகவே இருப்பார். பதவிக்காலம், துவந்த யுத்தம், தூரக் கிரகத்துக்கு அனுப்பிவைப்பது என்று ஏதாவது ஒரு வடிகால் வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின், ஒரே ஆண்டில் படையில் சேர்ந்த 20 பேருக்குச் சாவுப் பதிவேடு எழுதிப் பாருங்கள்: எந்த வயதில், எதனால், எங்கே. 1 சதவீதக் கணக்கில் 69-ம் ஆண்டுக்குள் ஏறக்குறைய 10 பெயர்கள் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாருமே 400-ஐத் தாண்டியிருந்தால் எழுதியது தவறு. திரும்பப் போய் விகிதத்தை மாற்றுங்கள்.