கோடியக்கரைக்குப் போனால் பறவைப் பட்டியலை இப்படி எழுதுங்கள்

பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அடுத்த வருஷம் அந்தத் தாள் எதற்கும் உதவாது. கோடியக்கரை, 1967 முதல் சரணாலயம். வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் மாதங்களில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம் தொடங்குங்கள். மேலே தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், நடந்த தூரம்.

அதோடு சதுப்பின் தண்ணீர் அளவு. இதை யாரும் எழுதுவதே இல்லை, எனக்கோ இதுதான் முக்கியம். பூநாரையின் காலைப் பாருங்கள்: முழங்கால் மூழ்கியிருக்கிறதா, கணுக்கால்தான் நனைந்திருக்கிறதா? தண்ணீர் ஏறினால் கொசு உள்ளான் மாதிரி குட்டைக்கால் பறவைகள் மேய வழியின்றி வேறு இடம் தேடும். "இந்த வருஷம் உள்ளான் குறைச்சல்" என்று புலம்புவதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்த அகலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு கூட்டம் முழுக்க நகர்த்துங்கள். அடையாளம் தெரியாததை "ஏதோ உள்ளான், 40" என்றே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றும்போது, அடையாளம் கண்ட எல்லாவற்றையும் சேர்த்தீர்களா என்று கேட்கும்; ஆம் என்று சொல்ல முடிந்தால்தான் அது முழுப் பட்டியல்.

பென்சில் கொண்டுபோங்கள். தூறலில் மைப்பேனா எழுத்து கரைந்து, ஒரு காலை முழுக்க எண்ணிய ஆலாக்கள் எனக்கு நீலத் திட்டாகப் போயின.